கிழக்கே போனதாக எழுதப்பட்டவர்

உள் அறையில் எதையோ தரையோடு இழுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு இழுப்பு. பிறகு நின்றுவிட்டது. பல்லைக் கடித்து அடக்கிய ஒரு முனகல். மறுபடியும் ஓர் இழுப்பு.

முன் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பத்மப்ரியா பதறி எழுந்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் நிமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்கக்கா. அது அவுக காலு. காலைத்தான் இழுத்துட்டு வாராக."

நிமி பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களையும் ஆறாத புண்ணோடு இருப்பவர்களையும் வீடு தேடிப்போய்ப் பார்ப்பது அவள் வேலை. இடுக்கியில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். பாலக்காட்டு எல்லைக்கு வந்து நான்கு வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் மலையைவிட்டு இறங்கவில்லை.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நல்லமுத்து வந்து நின்றார். எழுபத்தாறு வயது. நெடுநெடுவென்ற உடம்பு, கத்தரித்து விட்ட வெள்ளை மீசை, இஸ்திரி போட்ட சட்டை. வலது பாதத்தில் மட்டும் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். துண்டின் ஓரம் மஞ்சளாக ஊறியிருந்தது. அந்த வாடை முன் அறைக்கு அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"யாரு, மெம்பரா? என்ன விசேஷம்?"

"மாமா, காலு ரொம்ப மோசமா இருக்குதுன்னு சொன்னாங்க. சிஸ்டர் ஒரு தடவை பாத்துக்கட்டுமுங்க."

"எந்தக் காலு?"

"உங்க காலுதானுங்க."

"நான்தான் இந்த ஊருலயே இல்லையே அம்மிணி! உங்க பஞ்சாயத்துல அப்படித்தானே எழுதி வெச்சிருக்குது? இல்லாத மனுசனுக்கு ஏது காலு? இல்லாத காலுக்கு எதுக்கு மருந்து?"

நிமி ஒரு அடி முன்னால் போனாள். "தாத்தா, ஊரு சண்டையெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம். எனக்கு அஞ்சு நிமிசம் குடுங்க. சும்மா அவுத்துப் பாத்துட்டுக் கட்டிடுதேன்."

"நீ நல்ல புள்ள. ஆனா பஞ்சாயத்து வண்டில வந்த புள்ள. போயிட்டு வா சாமி."

அவ்வளவுதான். இருவரும் வாசலுக்கு வந்தார்கள். பின்னால் மறுபடியும் அந்த இழுப்புச் சத்தம் உள்ளே போயிற்று.

ஜீப்பில் ஏறுமுன் நிமி நின்றாள். எப்போதும் சிரிப்பு ஒட்டியிருக்கும் அவள் முகத்தில் அன்று சிரிப்பில்லை. "அக்கா, சர்க்கரைக்காரவுகளுக்கு இந்த வாடை வந்துட்டா நாள் எண்ண வேண்டியதுதான். இந்த வாரத்துக்குள்ள ஆஸ்பத்திரில சேத்தா விரலோட போகும். வாரம் தாண்டுனா முழங்கால். அதுக்கும் மேல ஆச்சுன்னா..." அவள் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

பத்மப்ரியா பஞ்சாயத்து வார்டு மெம்பராகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினோரு வருஷம் நூறு நாள் வேலையில் மேட்டாக இருந்தாள். தொழிலுறப்பு என்று இங்கே சொல்லும் அந்த வேலையில் நாற்பது பெண்களுக்குத் தலைவி. வரப்பு வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது, யாருக்கு உடம்பு சரியில்லையோ அவளை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கொடுப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. வேலங்காட்டு ஊரில் இன்றும் அவளுக்கு "மேட்டக்கா" என்றுதான் பெயர். நாற்பது பெண்களும் வீடு வீடாக நடந்து அவளை ஜெயிக்கவைத்தார்கள். ஒன்பதே வோட்டு வித்தியாசம்.

அந்த ஒன்பதுக்குள் ஒரு முள் இருந்தது. அது ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

எல்லையை ஒட்டிய ஊர்களில் பாதி வீடுகளுக்கு அந்தப் பக்கமும் ஒரு வாசல் உண்டு. பெண் கொடுத்தது ஆனைமலையில், தோப்பு வாங்கியது பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், ரேஷன் கார்டு மட்டும் இங்கே. அதனால் தேர்தலுக்கு முன்னால் ஒரு வழக்கம். இரண்டு கட்சிக்காரர்களும் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார்கள். பூட்டிக் கிடக்கும் வீடெல்லாம் "கிழக்கே போனவர்கள்" கணக்கில் சேரும். தமிழ்நாட்டுக்குக் குடிபோய்விட்டார் என்று படிவம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், விசாரணைக்கு நோட்டீஸ் வரும். பூட்டிய வீட்டில் நோட்டீஸை வாங்க யார் இருக்கிறார்கள்? பெயர் போய்விடும். இதற்கு ஊரில் "வெட்டு" என்று பெயர். அவர்கள் இவர்களை வெட்டுவார்கள், இவர்கள் அவர்களை. வேலியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைக் கழிப்பதுபோல, யாரும் அதைப் பாவம் என்று நினைத்ததில்லை.

பத்மப்ரியா இருபத்து மூன்று படிவங்களில் கையெழுத்துப் போட்டாள். பதினெட்டாவது படிவம் நல்லமுத்துவினுடையது.

அவர் வீடு எட்டு மாதம் பூட்டித்தான் கிடந்தது. மனைவி சுப்புலட்சுமிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். பிள்ளைகள் இல்லாத அந்த மனுஷன் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓர் அறை எடுத்து, சமைத்து, துவைத்து, எட்டு மாதம் மனைவிக்குத் தாயாக இருந்தார். நவம்பரில் தனியாகத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தார்.

இது பத்மப்ரியாவுக்குத் தெரியாதா? தெரியும். சுப்புலட்சுமி அவள் கூட்டத்தில் வேலை செய்தவள். கட்சியின் பூத் செயலாளர் ஆனந்தகுமார் படிவத்தை நீட்டி, "மிலிட்டரிக்காரருங்க. நமக்குப் போடற ஆளில்லை. ஊடும் பூட்டித்தான் கெடக்குது. போடுங்க" என்றபோது அவள் பேனா ஒரு கணம் நின்றது. நின்றதா? நின்றது. பிறகு எழுதிவிட்டது. அந்த ஒரு கணம்தான் இப்போது அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியிருந்தது.

தேர்தலன்று காலை ஏழு மணிக்கு, செருப்புக் கடித்த புண்ணோடு, ஊன்றுகோலோடு, பள்ளிக்கூட வரிசையில் முதல் ஆளாக நின்றவர் நல்லமுத்து. எழுபத்தொன்றுப் போரில் குண்டு விழும் பாதையில் ராணுவ லாரி ஓட்டியவர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராகத் திரும்பியவர். அவரிடம் ஓர் இளம் அதிகாரி, பட்டியலில் விரலை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, "பேரு இல்லீங்க. தமிழ்நாட்டுக்குக் குடிபோயிட்டதா இருக்குது" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் திரும்பி நடந்தார். அன்றிலிருந்து பஞ்சாயத்துத் தண்ணீர், பஞ்சாயத்து மருந்து, பஞ்சாயத்து ஜீப் எதுவும் அவர் வாசலைத் தாண்டவில்லை. புண்ணுக்கு மஞ்சளும் பிடிவாதமும்தான் மருந்து.

செவ்வாய்க்கிழமை காலையில் மெம்பர் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒருத்தருக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோனிஷா என்ற கல்லூரிப் பெண்ணுக்கு மலையாளத்தில் இருக்கும் உதவித்தொகைப் படிவத்தைத் தமிழில் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். ஒரு கிழவருக்குப் பக்கத்து வீட்டு மாமரம் தன் ஓட்டின்மேல் சாய்கிறது என்ற புகார். எல்லாவற்றையும் கேட்டு, எழுதி, மாமரத்தை நேரில் பார்த்துவிட்டு, பத்மப்ரியா பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய்ப் பெயர் சேர்க்கும் படிவம் ஒன்று வாங்கிக்கொண்டு நல்லமுத்துவின் வீட்டுக்கு வந்தாள்.

அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. காய்ச்சல்.

"மாமா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. மறுபடியும் பேரு சேத்தறலாமுங்க. ஆபீஸ்ல எங்கயோ தப்பு நடந்துபோச்சு."

அவர் படிவத்தை வாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"தப்பு தானா நடக்காது அம்மிணி. தப்புக்கு ஒரு ஆளு உண்டு. பட்டாளத்துல ஒரு லாரி கவுந்துதுன்னு வை. ரோடு சரியில்லைன்னு எழுத உடமாட்டாங்க. வண்டியை யாரு ஓட்டுனதுன்னுதான் மொதக் கேள்வி. ஓட்டுனவன் முன்னால வந்து நிக்கோணும்."

"வந்து நின்னா?"

"நின்னா தண்டனை உண்டு. ஆனா அவன் அப்பவும் பட்டாளத்துக்காரன்தான். ஒளிஞ்சவன்தான் பட்டாளத்துக்காரன் இல்லை." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த ஆளு யாருன்னு கேட்டுட்டு வா. அப்பறம் பேசலாம்."

அவள் எழுந்தாள். படிவத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள். தெருவில் நடக்கும்போது தன் நிழலைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

புதன்கிழமை போகி. வார்டு முழுக்கத் துப்புரவு வேலை. தொழிலுறப்புப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் இறங்கியிருந்தார்கள். வியாழக்கிழமை அங்கேதான் பாலியேட்டிவ் தினக் கூட்டம். பத்மப்ரியாவும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினாள்.

"பாத்தீங்களா, மெம்பரு மண்ணுல கால் வெக்கறாங்க! போட்டோப் புடிக்கறவனைக் கூப்பிடுங்க!" என்றாள் ஸ்ரீரஞ்சனி. அந்தக் கூட்டத்தில் வாய்க்குப் பூட்டில்லாதவள் அவள்தான்.

"ஏண்டி, மெம்பரானா கையி தேஞ்சா போகும்?"

"கையி தேயாதுங்க மேட்டக்கா. நெஞ்சுதான் தேயும்னு சொல்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பத்மப்ரியாவால் சிரிக்க முடியவில்லை. மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் கரையேறினாள். அங்கே ஆனந்தகுமார் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தான் நினைத்திருந்ததைச் சொன்னாள்.

அவன் முகம் வெளுத்தது. "ஏனுங்க, உங்களுக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சா? நீங்க ஒம்பது வோட்டு மெம்பருங்க! பொய்யா எழுதிக் குடுத்தேன்னு உங்க வாயாலயே சொன்னா, நாளைக்கே அந்தக் கட்சிக்காரங்க கலெக்டர் ஆபீஸ்ல புகாரோட நிப்பாங்க. அவிய வெட்டாததையா நாம வெட்டிட்டோம்?"

"அவிய வெட்டுனதுல யாரு காலாவது அழுகுதா, ஆனந்தா?"

"காலு அழுகுனது சர்க்கரையாலீங்க! உங்க கையெழுத்தாலயா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்காக மனசு ஒப்பிவிடுமா என்ன?

சாயங்காலம் அவள் கணவன் முத்துசுவாமி கோவிந்தாபுரத்துத் தீவனக் கடையைப் பூட்டிவிட்டு, கையில் கரும்போடு வந்தான். அதிகம் பேசாத மனுஷன். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். கரும்பைச் சுவரில் சாத்தினான். கைகால் கழுவினான். பிறகு சொன்னான்: "நீ சொல்லலீன்னா உனக்குத் தூக்கம் வராது. சொன்னா ஆனந்தகுமாருக்குத் தூக்கம் வராது. ரெண்டு பேருல யாரு தூங்கோணும்னு நீயே பாத்துக்க."

வியாழக்கிழமை பொங்கல். தெருவெல்லாம் வாசலில் அடுப்பு மூட்டி, பானையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பத்மப்ரியா தன் வீட்டுப் பானையை இறக்கிவைத்துவிட்டு நல்லமுத்துவின் வீட்டுக்குப் புறப்பட்டாள். ஒரு தூக்குப் பொங்கல் எடுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். வேண்டாம். பொங்கலைக் கொடுத்து வாங்கும் மன்னிப்பு எப்படி மன்னிப்பாகும்? வெறுங்கையோடு போனாள்.

தெருவிலேயே அந்த ஒரு வாசலில்தான் கோலம் இல்லை, அடுப்பு இல்லை. கதவு தாழ் போடாமல் சாத்தியிருந்தது. அவர் கட்டிலில் படுத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தான்களைக் கழுத்துவரை மாட்டியிருந்தார். பாதத்திலிருந்து கணுக்கால்வரை வீக்கம் ஏறி, துண்டு இறுகிக் கிடந்தது.

"மாமா." அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "வண்டியை ஓட்டுனது நானுங்க."

அவர் திரும்பவில்லை.

"கையெழுத்து என்னுதுங்க. யாரும் கையைப் புடிச்சுப் போடவைக்கலை. சுப்புலட்சுமியக்கா கோயமுத்தூர்ல கெடக்கறது எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சேதான் நீங்க கெழக்க போயிட்டீங்கன்னு எழுதுனேன். நீங்க எனக்குப் போட மாட்டீங்கன்னு சொன்னாங்க. அதுக்காக எழுதுனேன்."

வெளியே யாரோ பொங்கலோ பொங்கல் என்று கூவினார்கள். குழந்தைகளின் கைதட்டல்.

நல்லமுத்து கேட்டார். "உன்ற கூட்டத்துல அவ எத்தனை வருசம் வேலை செஞ்சா?"

"ஆறு வருசமுங்க."

"கடைசி வருசம் அவளால குனிய முடியலை. நீ நெழல்ல உக்காரவெச்சு, தண்ணி ஊத்தற வேலையைக் குடுத்தே. அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஆஸ்பத்திரில, பேச்சு நிக்கறதுக்கு ரெண்டு நாளு முந்தி அவ சொன்னா, மேட்டக்கா எலக்சன்ல நிக்குதாமா, மறக்காம அதுக்குப் போடுங்கன்னு." அவர் குரல் உடைந்தது. பட்டாளத்துக் குரல், உடைந்தபோதும் நேராகவே உடைந்தது. "நான் எப்பவும் அந்தக் கட்சிக்குத்தான் போடுவேன். அன்னைக்கு மட்டும் உனக்குப் போடறதுக்குத்தான் அம்மிணி வந்தேன். ஏழு மணிக்கே வந்தேன்."

பத்மப்ரியா கட்டிலின் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தாய் இறந்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை.

அவர் அவளைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"மாமா, ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்."

"என்கிட்ட வந்து சொன்னே. சரி. அது எனக்கும் உனக்கும் உள்ளது. ஆனா என்னை ஊருல இல்லாதவனாக்குனது நாலு சுவத்துக்குள்ள நடக்கலை. அத்தனை சனம் பாத்துட்டு நின்னுது. சிரிச்சுது." அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "போ. உனக்குக் கூட்டம் இருக்குது."

பதினோரு மணிக்குக் கூட்டம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அது ஊர்க்கோடிவரை அலறும். மேடையில் பஞ்சாயத்துத் தலைவரும் டாக்டரும். கீழே நாற்பது பெண்களும், சக்கர நாற்காலியில் கொண்டுவரப்பட்ட நோயாளிகளும், எதிர்க்கட்சிக்காரர்களும்கூட. ஜனவரி பதினைந்து பட்டாள தினமும்தான் என்று யாரோ மைக்கில் அறிவித்துக் கைதட்டச் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஊரின் ஒரே போர்வீரன் இரண்டு தெரு தள்ளி அழுகும் காலோடு கிடப்பது யாருக்கும் அந்தக் கைதட்டலில் ஞாபகம் வரவில்லை.

வரவேற்புரை மெம்பர் பத்மப்ரியா. அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. வரவேற்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லோணும். நம்ம ஊரு மிலிட்டரிக்காரர் நல்லமுத்து மாமா பேரு..."

கரகரவென்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் செத்துப்போயிற்று. மேடைக்குப் பக்கத்தில் ஆனந்தகுமார் பிடுங்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு, கரண்ட் போய்விட்டதுபோல மேலே பந்தலில் தொங்கிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பத்மப்ரியா மைக்கைக் கீழே வைத்தாள். மேடையைவிட்டு இறங்கிக் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். நாற்பது பெண்களைக் காட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. அதற்கு எந்தக் காலத்தில் மைக் இருந்தது?

"மாமா பேரைப் பட்டியல்ல இருந்து வெட்டுனது நானுங்க! அவரு எங்கயும் போகலை. சாகக் கெடந்த சம்சாரத்தைப் பாத்துட்டு இருந்தாரு. அது தெரிஞ்சும் நான் பொய்யி எழுதுனேன். அவரு இந்த ஊரு. என்னையவிட அவருதான் இந்த ஊரு. அவருகிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

ஸ்ரீரஞ்சனி எழுந்தாள். "மேட்டக்கா, அப்ப எங்கண்ணன் பேரை வெட்டுனதும் நீங்கதானா?"

"ஆமாண்டி."

"அவன் நெசமாலுமே பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டானுங்க. அது சரியான வெட்டுதான். அதை உடுங்க."

அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒருவர், "ராஜினாமா பண்ணோணும்!" என்று எழுந்தார்.

"பண்ணச் சொன்னா பண்றனுங்க. என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா நாள் இல்லீங்க. மொதல்ல அந்தக் காலைக் காப்பாத்தோணும். நான் கூப்பிட்டா அவரு வரமாட்டாரு. நீங்க வந்து கூப்பிடுங்க."

யார் முதலில் எழுந்தார்கள் என்று பிறகு யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாற்பது பெண்களும் எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ராஜினாமா கேட்டவரும் எழுந்தார். பஞ்சாயத்துத் தலைவரும் டாக்டரும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்க, ஊர்வலம் தெருவில் திரும்பியது.

நல்லமுத்து எப்படியோ எழுந்து வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை சனத்தைப் பார்த்ததும் புருவத்தைச் சுளித்தார்.

"ஸ்பீக்கர்ல என்ற பேரு கேட்டுது. அப்பறம் கரகரன்னு நின்னுபோச்சு. என்னத்தைச் சொன்னா?"

நாற்பது வாயும் ஒரே சமயத்தில் திறந்தது.

"எல்லாரும் ஒட்டுக்காக் கத்துனா எனக்கு என்ன தெரியும்? ஒருத்தி சொல்லுங்க!"

ஸ்ரீரஞ்சனி முன்னால் வந்தாள். "வெட்டுனது நான்தான், அவரு எங்கயும் போகலைன்னு சொன்னாங்க மாமா. என்னையவிட அவருதான் இந்த ஊருன்னு சொன்னாங்க."

"மைக் இல்லாமயா?"

"மைக் இல்லாமத்தானுங்க. கடேசி வரிசைக்கும் கேட்டுது."

ராஜினாமா கேட்டவர் தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு வரிசைல சிரிச்சது நானுங்க. யாரையோ வெட்டிட்டாங்கன்னு சிரிச்சேன். உங்களைன்னு பாக்கலை. மனசுல வெச்சுக்காதீங்க. வாங்க, நாம போலாம்."

பெரியவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில், கூட்டத்துக்குப் பின்னால் தலைகுனிந்து நின்ற பத்மப்ரியாவிடம் பார்வை வந்து நின்றது. பிறகு நிமியின் பக்கம் திரும்பியது.

"சிஸ்டரு! உன்ற வண்டில எடம் இருக்குதா?"

"இருக்குது தாத்தா!" நிமி ஓடி வந்தாள். படியில் மண்டியிட்டுத் துண்டை அவிழ்த்தாள். அவிழ்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். அவள் கழுவி, மருந்து வைத்து, கட்டி முடித்துச் சொன்னாள்: "கணுக்காலுக்கு மேல நல்ல ரத்தம் ஓடுது. மாதா காப்பாத்துவா. ஏறுங்க, ஏறுங்க, பேச்சு வேண்டாம்."

முன்னாள் ராணுவத்தாருக்கான மருத்துவ அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஜீப் கோயமுத்தூருக்குப் பறந்தது. பத்மப்ரியாவும் பின் இருக்கையில் இருந்தாள். நடுப்புணி தாண்டி எல்லைச் சாவடி வந்தபோது அவர், "இப்பத்தான் நெசமாக் கெழக்க போறேன்" என்றார். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று விரல்கள் போயின. பாதத்தின் ஓரமும் கொஞ்சம் போயிற்று. கால் நின்றது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் முழங்காலோடு எடுத்திருப்போம் என்றார் அறுவை டாக்டர். ஆஸ்பத்திரியில் முறைவைத்து இருந்தவர்கள் தொழிலுறப்புப் பெண்கள்தான். யார் எந்த நாள் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தது பழைய மேட்.

மாசி பிறந்து நான்காவது நாள். முற்பகல் நேரத்தில் பத்மப்ரியாவின் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிவந்த லிபின் பின்பக்கத்திலிருந்து வாக்கரை எடுத்து விரித்துவைத்தான். நல்லமுத்து இறங்கினார். இஸ்திரிச் சட்டை. வலது காலில் அதற்கென்றே செய்த கருப்புச் செருப்பு. படியேற அவள் கை நீட்டியதைக் கண்டுகொள்ளாமல், தானே ஏறி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து வாறேன். பேரு சேக்கற விசாரணை. நெசமாவே இங்கதான் குடியிருக்கீங்களா, சாட்சி இருக்குதான்னு கேட்டாங்க. நாப்பது பொம்பளைங்க இருக்கறாங்க, கூப்பிடட்டுமான்னேன். செக்ரட்டரி பயந்துட்டாரு. போதுமுங்கன்னு கையெழுத்தைப் போட்டுட்டாரு."

முத்துசுவாமி காப்பி கொண்டுவந்து வைத்தான். சர்க்கரை போடாத காப்பி. பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"நேத்து அந்தக் கட்சிக்காரங்க ஊட்டுக்கு வந்தாங்க. உம்மேல புகார் எழுதியிருக்கறாங்க. பாதிக்கப்பட்டவன் நான்தானாம். நான் கையெழுத்துப் போட்டா புகாருக்கு எலும்பு வருமாம்."

பத்மப்ரியா அருகில் வந்தாள். "போட்டுட்டீங்களா மாமா? போட்டிருந்தாலும் தப்பில்லீங்க."

"போடலை." அவர் மீசையைத் தடவினார். "ஓட்டுனவன் முன்னால வந்து நின்னாச்சு. அதுக்கு மேல தண்டனை குடுக்கறது என்ற வேலை இல்லை. அவிய என்ற கையெழுத்து இல்லாமயே புகார் குடுப்பாங்க. குடுக்கட்டும். கேக்கற எடத்துல நீ உள்ளதைச் சொல்லு. என்னைக் கூப்பிட்டா நானும் உள்ளதைச் சொல்லுவேன். ரெண்டையும் சொல்லுவேன், வெட்டுனதையும், வந்து நின்னதையும்."

அவளுக்குக் கண் நிறைந்தது. "மாமா, என்னை மன்னிச்சுட்டீங்களா?"

"அதை இன்னும் நான் முடிவு பண்ணலை அம்மிணி." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். மனைவி போன பிறகு யாரும் பார்க்காத சிரிப்பு அது. "அஞ்சு வருசம் இருக்குதல்ல, பாக்கலாம். எங்க தெருக் குழாயில தண்ணி வந்து எட்டு நாளாச்சு. அதை மொதல்ல பாரு. அடுத்த தடவை யாருக்குப் போடுவேன்னு மட்டும் கேக்காதே. சொல்லமாட்டேன்."

வாக்கரைப் பிடித்து எழுந்தார். இந்தத் தடவை அவள் கை நீட்டவில்லை. ஒவ்வொரு படியாக அவர் இறங்குவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கடைசிப் படியில் செருப்பு சற்றுச் சறுக்கியது. நிமிர்ந்துகொண்டார்.

"போயிட்டு வாறேன், மெம்பரே!"

"வாங்க மாமா. தண்ணி சாயங்காலத்துக்குள்ள வருமுங்க."

"வந்தாத்தான் தெரியும்."

ஆட்டோ புறப்பட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. பத்மப்ரியா குழாய்க்காரனுக்குப் போன் போட்டபடியே உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.